48 கேமரா வேலை: ஐபி பிளான் (எந்தக் கருவிக்கு எந்த நெட்வொர்க் நம்பர்னு) யார் போடணும், சிசிடிவி ஆளா ஐடி ஆளா?

கொடைவயர்:
பின்னலாடை யூனிட். 48 கேமரா, எல்லாம் 4 மெகாபிக்சல். வயரிங், கேமரா, என்விஆர் (ரெக்கார்டிங் பெட்டி) எங்க பொறுப்பு. ஆபீஸ் நெட்வொர்க் வேற ஒரு ஐடி கம்பெனி கையில். அவங்க ஸ்விட்ச்ல போர்ட் காலியா இருக்கு, அதுலயே மாட்டிக்கங்கன்னு ஓனர் சொல்றார். ஐடிக்காரங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. கேட் ரூம் வேற 140 மீட்டர் தள்ளி இருக்கு.

ராக்மவுண்ட்:
ஐடிக்காரங்க சொல்றதுதான் சரி சார். எச்.265ல (வீடியோவைச் சுருக்கற முறை) கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் வெச்சாலும் 48க்கு 192 எம்பிபிஎஸ், ராப்பகலா ஓடும். கிகாபிட் ஸ்விட்ச் (1000 எம்பிபிஎஸ்) தாங்கும். ஆனா நடுவுல 100 எம்பிபிஎஸ் அப்லிங்க் (அடுத்த ஸ்விட்சுக்குப் போற லைன்) உள்ள மலிவு ஸ்விட்ச் ரெண்டைக் கோர்த்து 32 கேமரா ஏத்தினா 128 ஆயிடும், படம் கட்டம் கட்டமா உடையும்.

கேமராவுக்குத் தனி ஸ்விட்ச் போடுங்க. என்விஆர்ல ரெண்டு லேன் போர்ட் இருந்தா ஒண்ணு கேமரா பக்கம், ஒண்ணு ஐடி ராக்குக்கு. ரெண்டும் வேற வேற சப்நெட் (தனித்தனி ஐபி நம்பர் வரிசை). ஐடிக்காரங்ககிட்ட கேட்க வேண்டியது ஒரு போர்ட், ஒரு ஐபி, அவ்வளவுதான். பல கேமரா பெட்டியில வரும்போதே 192.168.1.108 அல்லது 192.168.1.64ன்னு வரும். ஆபீஸ் லேன்லயே மாட்டினா அந்த நம்பர்ல இருக்கற பிரிண்டர் படுத்துடும். பழி உங்க மேலதான்.

ஓம்மீட்டர்:
வாட் கணக்கை யாரும் பேசலையே. 24 போர்ட் ஸ்விட்ச், போர்ட்டுக்கு 30 வாட்னு அட்டையில இருக்கும்; ஆனா மொத்த பிஓஇ (நெட்வொர்க் கேபிள்லயே கேமராவுக்குக் கரண்ட் தர்றது) பட்ஜெட் 190 வாட்டா இருக்கலாம். பகல்ல கேமரா 5 வாட் இழுத்தா 24க்கு 120. ராத்திரி ஐஆர் (இருட்டுல பார்க்கற அகச்சிவப்பு லைட்) எரிஞ்சு 9 வாட் ஆனா 216. இருட்டினதும் கடைசி மூணு நாலு கேமரா செத்து, விடிஞ்சதும் தானா உயிர் வரும். கேமரா ரிப்பேர்னு மாத்திக்கிட்டே இருப்பாங்க. ஸ்விட்ச் யார் வாங்கினாலும் இந்தக் கணக்கை எழுதிக் கொடுக்க வேண்டியது நீங்க, டேட்டாஷீட் உங்ககிட்டதான் இருக்கு.

கேட் ரூமுக்கு ஃபைபர். காப்பர் 100 மீட்டர்தான், பேட்ச் கார்டும் அதுல சேர்த்தி. ஸ்விட்ச்ல எக்ஸ்டெண்ட் மோடு (தூரத்தைக் கூட்டற செட்டிங்) போட்டா 10 எம்பிபிஎஸ்க்கு இறங்கிடும். சிசிஏ கேபிளை (அலுமினியத்து மேல காப்பர் பூசினது) தொடவே தொடாதீங்க.

கொடைவயர்:
நன்றி. ஓனருக்கு போன்ல பார்க்கணும், ஐடிக்காரங்ககிட்ட போர்ட் ஃபார்வர்ட் (வெளி இன்டர்நெட்ல இருந்து என்விஆருக்கு நேர் வழி திறக்கறது) கேட்கலாமா?

ராக்மவுண்ட்:
வேண்டாம். 2016ல மிராய்ங்கற வைரஸ் புகுந்ததே பாஸ்வேர்ட் மாத்தாத கேமராவும் டிவிஆரும் வழியாத்தான். ஐடிக்காரங்க ரவுட்டர்ல விபிஎன் (வெளியில இருந்து உள்ள வர்ற பூட்டின தனி வழி) போட்டுத் தரட்டும், அது அவங்க வேலை. பில்லும் அவங்களே போடட்டும்.