தாமஸ் அக்குவினாஸ் கல்லூரி: லத்தீன் தெரியாமல் முதல் ஆண்டு சமாளிக்க முடியுமா?

நெய்தல்:
வணக்கம். கலிபோர்னியாவில் சாண்டா பவுலா பக்கம் இருக்கும் தாமஸ் அக்குவினாஸ் கல்லூரியில் தங்கைக்கு இடம் கிடைத்திருக்கிறது. விருப்பப் பாடம், விரிவுரை எதுவும் கிடையாது, மூலநூலும் கலந்துரையாடலும்தான் என்கிறார்கள். அவளுக்கு லத்தீன் சுத்தமாகத் தெரியாது. 3 மாதம் கையில் இருக்கிறது. எதைப் படித்துக்கொண்டு போகலாம்? இடைக்கால இறையியலாளர் அக்குவினாஸை இப்போதே வாசிக்க வேண்டுமா?

ஏட்டுச்சுவடி:
தாராளமாக முடியும். முதல் 2 ஆண்டும் எல்லோருக்கும் லத்தீன் கட்டாயம், அடியிலிருந்தே தொடங்குவார்கள். ஆனால் வாய்பாடுகளை (சொல்லின் ஈறு மாறும் முறைகளை) அங்கே போய் மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று விட்டால் ஹோமருக்கும் பிளேட்டோவுக்கும் நேரம் இருக்காது. 5 பெயர் வாய்பாடுகளில் முதல் 3, வினை வாய்பாடுகள் 4-இலும் நிகழ்காலம். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

வினையை எப்போதும் 4 வடிவமாகவே படிக்கச் சொல்லுங்கள்: ஃபெரோ, ஃபெர்ரே, துலி, லாத்தும் (சுமந்து செல்லுதல்). முதல் வடிவத்தை மட்டும் படித்தவருக்கு வாசகத்தில் ‘துலி’ வந்தால் அது எந்த வினை என்றே பிடிபடாது.

வேற்றுமை நமக்குப் பழக்கம்தான். தமிழ்ப் பிள்ளைகள் சறுக்குவது பெயரடையில். நல்ல கவிஞன், நல்ல கவிஞனுக்கு என்று நம் ‘நல்ல’ மாறாமல் நிற்கும். லத்தீனில் அது பால், எண், வேற்றுமை மூன்றிலும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். ஈறு மட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. ‘பொயேத்தா’ (கவிஞன்) பார்வைக்குப் பெண்பால், உண்மையில் ஆண்பால். ஆகவே ‘பொயேத்தா போனுஸ்’. ‘போனா’ என்றால் தவறு. பெயரோடு பாலையும் சேர்த்தே மனப்பாடம் செய்யட்டும்.

மறைநூல்_வாசகி:
அக்குவினாஸ் இறையியல் வகுப்பில் 3, 4-ஆம் ஆண்டுகளில்தான் வருவார். முதல் ஆண்டு விவிலியம். அவசரம் வேண்டாம். ஆனால் இலக்கணம் எதற்கு என்று புரிய, ‘சும்மா தியோலொஜியே’ என்ற அவருடைய இறையியல் நூலில், கடவுள் இருப்பைப் பற்றிய பகுதியில் அவர் எழுதும் இந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்க்கலாம்: ‘தேஊம் எஸ்ஸே க்வின்க்வே வீயிஸ் ப்ரொபாரி போதெஸ்த்.’

‘தேஊம்’ இரண்டாம் வேற்றுமை. உடனே ‘கடவுளை’ என்று எழுதிவிட்டு, கடவுளை என்ன செய்தார்கள் என்று வினையைத் தேடுவார்கள். அங்கேதான் வாக்கியம் உடைகிறது. ‘எஸ்ஸே’ (இருத்தல்) என்பதற்கு எழுவாயே ‘தேஊம்’. லத்தீனில் இந்த அமைப்பில் எழுவாய் இரண்டாம் வேற்றுமை ஏற்கும். ‘க்வின்க்வே வீயிஸ்’ கருவிப் பொருள், நம் ‘ஆல்’. ‘ப்ரொபாரி’ (நிறுவப்படுதல்) செயப்பாட்டு வினை, ‘போதெஸ்த்’ என்றால் கூடும். சேர்த்தால்: கடவுள் இருக்கிறார் என்பது ஐந்து வழிகளால் நிறுவப்படக்கூடும். ஈறுகளைக் குறித்த பிறகே பொருள் எழுத வேண்டும். சொற்பொருளை வரிசையாக அடுக்கி ஊகிக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டால் 2-ஆம் ஆண்டில் மாற்றுவது மிகக் கடினம்.

இன்னொன்று. அந்த நூலில் அவர் ஒவ்வொரு கேள்வியையும் எதிர்வாதங்களில்தான் தொடங்குவார். பிறகு ‘ஆனால் இதற்கு மாறாக’, அடுத்து அவருடைய விடை, கடைசியில் எதிர்வாதங்களுக்கு மறுமொழி. முதல் பத்தியை எடுத்து ‘அக்குவினாஸ் சொல்கிறார்’ என்று மேற்கோள் காட்டினால் அவர் மறுக்கிற கருத்தையே அவர் தலையில் கட்டியதாகிவிடும்.

வட்டமும்கோடும்:
என்னைக் கேட்டால் லத்தீனைவிட, பண்டைய கிரேக்க வடிவியல் அறிஞர் யூக்ளிடுக்குத்தான் தயாராக வேண்டும். முதல் ஆண்டுக் கணிதமே அவர்தான். மாணவரே பலகைக்குப் போய் நிறுவ வேண்டும். அவருடைய ‘எலிமென்ட்ஸ்’ தொகுப்பின் முதல் நூலில் 48 தேற்றங்கள். தங்கை முதல் 5-ஐத் தாள் பார்க்காமல் செய்து பழகட்டும், ஒவ்வொரு முறையும் புள்ளிகளின் எழுத்துகளை மாற்றி. எழுத்தை மனப்பாடம் செய்தவர்கள் படத்தைத் திருப்பி வரைந்ததும் நின்றுவிடுவார்கள்.

முதல் தேற்றத்தில் ஒரு கோட்டின் மேல் சமபக்க முக்கோணம் அமைக்க 2 வட்டம் வரைந்து, வெட்டும் புள்ளியை எடுக்கிறோம். அவை வெட்டிக்கொள்ளும் என்று எந்த எடுகோள் (நிறுவாமலே ஏற்கும் அடிப்படைக் கூற்று) சொல்கிறது? 5 எடுகோள்களிலும் இல்லை. இப்படி ஒரு கேள்வியோடு வருபவர்தான் அந்த வகுப்புக்குத் தேவை.

நெய்தல்:
மிக்க நன்றி. உச்சரிப்பு திருச்சபை முறையா, பழைய ரோமானிய முறையா?

ஏட்டுச்சுவடி:
திருப்பலியில் பாடப்போகிறவள், திருச்சபை முறையே எடுக்கட்டும்: ‘பாச்செம்’ (அமைதியை), ‘ரெஜீனா’ (அரசி). பழைய முறையில் அவை ‘பாக்கெம்’, ‘ரேகீனா’. எழுத்தும் இலக்கணமும் ஒன்றுதான், பின்னால் மாற்றிக்கொள்ளச் சிரமமில்லை.