நுரையீரல்ல ஃபங்கஸ் வந்தவங்க, பக்கத்துல இருந்து பாத்தவங்க அனுபவம் சொல்லுங்க

வைகைக்கரை:
தம்பிக்கு ஏஎம்எல், ஒரு வகை ரத்தப் புற்றுநோய். முதல் கீமோ முடிஞ்சு ஜுரம் இறங்கவே இல்ல, நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளணு வெறும் 80. சிடி ஸ்கேன்ல வெள்ளையா ஒரு உருண்டை, சுத்தி புகை மாதிரி வளையம், ஆஸ்பர்ஜில்லஸ்ங்கிற ஃபங்கஸா இருக்கும்னு அன்னைக்கே வோரிகொனசோல்னு ஃபங்கஸ் மருந்து ஆரம்பிச்சுட்டாங்க. இந்த ஃபங்கஸோட வித்து நம்ம எல்லார் மூச்சுலயும் தினம் நூத்துக்கணக்குல உள்ள போகுது, நுரையீரல்ல காவல் இருக்கற மேக்ரோஃபேஜ் செல் முழுங்கிடும், தப்பிச்சு முளைக்கிறத நியூட்ரோஃபில் வந்து கொல்லும். இவனுக்கு அந்த ரெண்டாவது காவலே இல்ல. அப்புறம் நியூட்ரோஃபில் கவுண்ட் 500 தாண்டுச்சு, வீட்டுக்கு போன் போட்டு சொல்லிட்டு திரும்புறேன், கிட்னி ட்ரேல ரத்தமா துப்பிட்டு இருக்கான். வெள்ளணு திரும்பி வந்து ஃபங்கஸ தாக்குறப்ப இப்படி ஆகலாம்னாங்க. நல்ல சேதி சொன்ன வாய் மூடல, அதுக்குள்ள அந்த ட்ரே. இன்னும் கண்ணுலயே நிக்குது.

செம்பருத்தி:
எங்கப்பாவுக்கும் ரத்தம்தான், ஆனா கவுண்ட் எல்லாம் நார்மல். 1987ல டிபி வந்து குணமானவர். அந்தப் பழைய குழிக்குள்ள ஃபங்கஸ் பந்து. கவுந்து படுக்க வச்சு மறுபடி ஸ்கேன் எடுத்தா பந்து உருண்டு இந்தப் பக்கம் வந்து கிடக்கு! அந்தக் குழிக்குள்ள ரத்த ஓட்டம் கிடையாது, வெள்ளணு எப்படிப் போய்ச் சேரும். அதனால எதிர்ப்பு சக்தி இல்லாதவங்களுக்குத்தான் வரும்னு யாரும் நினைச்சுடாதீங்க.

மழைநாள்:
செம்பருத்தி அக்கா சொல்றது பாதிதான். எனக்கு எதிர்ப்பு ஜாஸ்தியாகி வந்துச்சு, ஏபிபிஏ, அதாவது இதே ஃபங்கஸுக்கு நுரையீரல்ல வர்ற அலர்ஜி. சின்ன வயசுலருந்து ஆஸ்துமா, ரத்தத்துல அலர்ஜி காட்டுற ஐஜிஈ அளவு 4,000க்கு மேல, ஒருநாள் இருமுனப்ப பழுப்பா ரப்பர் துண்டு மாதிரி சளி வந்து விழுந்துச்சு. அதனால தயவுசெஞ்சு எதிர்ப்பு சக்தி பொடி, கஷாயம்னு வாங்கிக் கொட்டாதீங்க. என்னை மாதிரி ஆளுக்கு அந்த எதிர்ப்ப அடக்கத்தான் ஸ்டீராய்டே குடுக்குறாங்க. ஆஸ்துமா கட்டுக்குள்ள வரலன்னா ஐஜிஈ ஒரு தடவை பாக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. வைகைக்கரை சகோ, கீமோ போறவங்க ரூம்ல மண் தொட்டி வைக்காதீங்க, பக்கத்துல கட்டடம் இடிச்சா ஜன்னல சாத்துங்க, எருக்குழி பக்கம் விடாதீங்க, பூசணம் புடிச்ச செவுத்த அவங்க இருக்கறப்ப சுரண்டாதீங்க, பழைய மெத்தைய உதறாதீங்க. இருமல்ல ரத்தம் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி, நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.

வைகைக்கரை:
கீமோவுக்கு முந்தின வாரம் அவன் தலைமாட்டு ஜன்னல்ல துளசித் தொட்டி வச்சது நான்தான். எங்கருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாதுன்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டார். தம்பி இப்ப வேலைக்குப் போறான். தொட்டிய மாடிக்கு மாத்திட்டேன், தண்ணி ஊத்தறப்பல்லாம் அந்த ஜன்னல்தான் ஞாபகம் வருது.