ஒன்பது வயசுப் பொண்ணுக்கு டைப் 1 சர்க்கரை: என்ன சொல்லித் தேத்தறது?

வேலந்தாவளம் அம்மா:
எங்க அம்மிணிக்கு ஆறு மாசத்துக்கு முன்னால டைப் 1 சர்க்கரைன்னு சொல்லிட்டாங்க. தினம் நாலு ஊசி. ஊசிக்குக்கூட அவ அழறதில்லைங்க. போன வாரம் கல்யாணப் பந்தியில ஜிலேபி வைக்க வந்தவரைத் தடுத்து, "சீக்காளிப் புள்ளை, வைக்காதீங்க"ன்னு சொந்தக்காரங்களே சொல்லிட்டாங்க. ராத்திரி "எனக்கு மட்டும் ஏம்மா?"ன்னு கேட்டா. "இதைவிடப் பெரிய நோய் வந்த குழந்தைங்க இருக்காங்க, சாமிக்கு நன்றி சொல்லு"ன்னேன். திரும்பிப் படுத்துக்கிட்டா. நான் சொன்னது தப்புங்களா?

கொழிஞ்சாம்பாறை தையல்கடை:
அக்கா, எனக்கு 1998ல, எட்டு வயசுல வந்தது. இதே வார்த்தையை நானும் கேட்டிருக்கேன். அடுத்தவங்க கஷ்டத்தைக் காட்டினா குழந்தை மனசு ஆறாதுங்க. "ஆமா கண்ணு, இது அநியாயந்தான்"னு சொல்லிப் பக்கத்துல படுத்துக்கங்க. அவ இனிப்பு தின்னதால வரலைன்னும் சொல்லுங்க. உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்லை அழிச்சிடுது, அவ்வளவுதான். கோயில் பஞ்சாமிர்தத்தைத் திருடித் தின்னதாலதான் வந்ததுன்னு நான் ரெண்டு வருஷம் உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்கினேன்.

எங்க வீட்டுல அப்போ ஃப்ரிட்ஜ் இல்லை. ஏப்ரல்ல ஓட்டு வீடு கொதிக்கும். அம்மா மூலையில மணல் கொட்டி, அதுல மண்பானையைப் புதைச்சு, உள்ள தண்ணி ஊத்தி, டம்ளரைக் கவுத்து, அதுமேல இன்சுலின் பாட்டிலைக் கவர்ல சுத்தி வைப்பாங்க. பதநீர் இறக்கப் போற அப்பா, இருட்டோட எந்திரிச்சு மணலை நனைச்சிட்டுத்தான் பனைக்குப் போவார். ஈரமணல் வாசம் வந்தா அப்பா எந்திரிச்சிட்டார்னு தெரியும். நன்றின்னு எனக்கு யாரும் சொல்லித் தரலைங்க, அந்த வாசந்தான்.

அப்புறம் பதினாறு வயசுல ஒரு டாக்டரம்மா சொன்னாங்க: 1922 ஜனவரியில டொராண்டோவுல லியோனார்ட் தாம்சன்னு 14 வயசுப் பையனுக்குத்தான் முதன்முதலா இன்சுலின் போட்டாங்களாம். அதுக்கு முன்னால இந்த நோய் வந்த குழந்தைங்க அதிக நாள் இருந்ததில்லை. அன்னிக்கு வீட்டுக்கு வந்து பாட்டிலைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

ஜிலேபியும் ஒரேயடியா விலக்கில்லைங்க. எவ்வளவு சாப்பிட்டா ஊசி எவ்வளவுன்னு உங்க டாக்டர்கிட்டக் கேளுங்க.

மீனாட்சிபுரம் டீச்சர்:
ஸ்கூல்ல கிளாஸ் டீச்சர்கிட்ட விவரமா சொல்லி வெச்சிருங்க. கை நடுங்கி வேர்த்து, ரத்தத்துல சர்க்கரை அளவு 70க்குக் கீழ போனா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான். கேரள அரசோட மிட்டாயி திட்டம் இந்தக் குழந்தைகளுக்காகவே இருக்கு, விசாரிங்க.

வேலந்தாவளம் அம்மா:
பானைக் கதையைச் சொன்னேங்க. முழுசாக் கேட்டுட்டு, "அந்த அக்காவோட அப்பா இப்ப இருக்காராம்மா?"ன்னு கேட்டா.

கொழிஞ்சாம்பாறை தையல்கடை:
இருக்கார்னு சொல்லுங்கக்கா. பனை ஏறறதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு "ஊசி போட்டியா சாமி"ன்னு போன் மட்டும் தவறாது.