சார்ஜர் சாக்கெட்டில் ஃபியூஸ் நிற்கவில்லை

கேள்வி (கடலூர், தேவனாம்பட்டினம்): காரில் 12 வோல்ட் சாக்கெட் செத்துக் கிடக்கிறது. எதையும் சொருகாமலே 15 ஆம்பியர் ஃபியூஸ் உடனே எரிகிறது. எங்கே பார்ப்பது?

பதில்: ஷார்ட்தான் அண்ணே. ஃபியூஸைக் கழற்றிவிட்டு சாக்கெட்டுக்குள் டார்ச் அடியுங்கள். பெரும்பாலும் ஒரு நாணயமோ சாக்லேட் தாளோ நடு முனையையும் ஓரத் தகட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும். இல்லையா, சாக்கெட்டின் பின்பக்க கனெக்டரைப் பிடுங்கிவிட்டு அதே 15 போட்டு, சாவியை ஏசிசிக்கு (ACC, இன்ஜின் ஓடாமல் ரேடியோ, சாக்கெட் போன்றவற்றுக்கு மட்டும் கரண்ட் வரும் நிலை) திருப்புங்கள். ஃபியூஸ் எரியாமல் நின்றால் கோளாறு சாக்கெட்டில், எரிந்தால் ஒயரில். தயவுசெய்து 30 போடாதீர்கள், ஃபியூஸுக்குப் பதில் ஒயர் உருகும்.

பதில் (புதுச்சேரி): உப்புக்காற்று ஊர், எர்த் போல்ட்டையும் (சாக்கெட்டின் மைனஸ் ஒயரைக் கார் பாடியோடு பிடிக்கும் போல்ட்) பாருங்கள். பச்சை பூத்திருந்தால் ஃபியூஸ் எரியாது, ஆனால் சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். தேய்த்து இறுக்குங்கள். சாக்கெட்டில் ஏதாவது சொருகி ஓடும்போது எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்குள் இருக்கணும்.