சேப்பாக்கத்தில் விஸ்வநாத்: நேரில் கண்டவர்களின் நினைவுகள்

இந்தியக் கிரிக்கெட் மட்டையாளர் குண்டப்பா விஸ்வநாத் விளையாடியதை நேரில் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. 91 டெஸ்ட் ஆட்டங்கள், 6,080 ஓட்டங்கள், 14 சதங்கள் என்ற கணக்கை எவரும் எளிதில் எடுத்துப் பார்த்துவிடலாம். ஆனால் அவர் மட்டையைப் பிடித்து நின்றபோது மைதானத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை அங்கிருந்தவர்கள்தான் சொல்ல முடியும். கர்நாடகத்துக்காரரான அவரைச் சென்னை தன் வீட்டுப் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டதற்குக் காரணமான ஆட்டங்களைப் பார்த்தவர்கள் தங்கள் நினைவுகளை எழுத வேண்டுகிறேன்.

திருவல்லிக்கேணியிலிருந்து

1975ஆம் ஆண்டு ஜனவரியில் நான் புகுமுக வகுப்பு மாணவன். எங்கள் வீட்டிலிருந்து சேப்பாக்கம் நடந்துபோகும் தொலைவுதான். அந்த ஆண்டுப் பொங்கல் டெஸ்டுக்கு என் மாமா வாங்கி வைத்திருந்த சீசன் டிக்கெட், அவருக்கு விடுப்புக் கிடைக்காததால் என் கைக்கு வந்தது. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிய இரண்டு பொட்டலங்கள், தண்ணீர்ப் பாட்டில், ஓட்டங்களைக் குறித்து வைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு ஆகியவற்றோடு விடியும் முன்பே வரிசையில் நின்றேன்.

கிளைவ் லாய்ட் தலைமையில் வந்திருந்த மேற்கிந்தியத் தீவுகள் அணி பெங்களூரிலும் டெல்லியிலும் நம்மை நொறுக்கியிருந்தது. கல்கத்தாவில் விஸ்வநாத் இரண்டாவது இன்னிங்ஸில் எடுத்த 139 ஓட்டங்களின் துணையால் 85 ஓட்ட வித்தியாசத்தில் வென்று ஓரளவு மூச்சுவிட்டிருந்தோம். காயத்தால் கவாஸ்கர் இல்லை. எதிரே வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ். அந்தத் தொடரில் மட்டும் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 32 என்பதிலிருந்தே அவரது வேகத்தையும் துல்லியத்தையும் இளைய வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

நான் ஆடுகளத்துக்குப் பக்கவாட்டில், பாயிண்ட் திசைக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். அது தற்செயலாக அமைந்த இடம். ஆனால் விஸ்வநாத்தைப் பார்ப்பதற்கு அந்த மைதானத்திலேயே அதைவிடச் சிறந்த இடம் இருந்திருக்காது. 76 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் போய்விட்டன. ஒவ்வொருவரும் ராபர்ட்ஸின் பந்து எழும்பும் உயரத்தைக் கணிக்க முடியாமல் தடுமாறித் திரும்பிக்கொண்டிருந்தபோது, மறுமுனையில் உயரம் குறைந்த இந்த மனிதர் மட்டும் வேறொரு ஆடுகளத்தில் விளையாடுபவரைப்போல நின்றார். மற்றவர்களுக்கு மார்பளவு எழுந்த பந்து அவருக்கு இன்னும் உயரத்தில்தான் வந்திருக்க வேண்டும். அவர் பின்காலில் நகர்ந்து, கட்டைவிரல் நுனியில் எழும்பி, பந்து உச்சியை அடைந்த கணத்தில் மணிக்கட்டைப் புரட்டி அதை மேலிருந்து கீழாக வெட்டினார். அதனால் அவ்வளவு வேகமாகப் போன பந்துகூடத் தரையோடு தரையாகவே போயிற்று. கல்லிக்கும் பாயிண்டுக்கும் இடையே நின்றவர்கள் கையை நீட்டுவதற்கு முன்பே பந்து எங்கள் வேலியில் வந்து மோதியதை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்குச் சொல்ல முடியவில்லை. பலத்தால் அடிக்கப்பட்ட அடிகள் அல்ல அவை. பந்தின் வேகத்தையே வாங்கித் திசையை மட்டும் மாற்றி அனுப்பிய அடிகள்.

117 ஓட்டங்களுக்கு எட்டாவது விக்கெட்டும் விழுந்தபின் பேடி வந்தார். அவர் காட்டிய பொறுமையைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது. ஒரு முனையை அவர் காத்துக்கொண்டதால்தான் மறுமுனையில் அந்தக் கலை தொடர முடிந்தது. பிறகு சந்திரசேகர் இறங்கியபோது மைதானம் முழுவதும் எழுந்த பெருமூச்சை இன்றும் என்னால் கேட்க முடிகிறது. தம் டெஸ்ட் வாழ்க்கையில் எடுத்த ஓட்டங்களைவிட வீழ்த்திய விக்கெட்டுகள் அதிகம் என்ற பெயர் பெற்ற மனிதர் அவர். அவர் தடுத்த ஒவ்வொரு பந்துக்கும் சதத்துக்கு எழுவதைப்போலக் கைதட்டினோம். கடைசியில் ராபர்ட்ஸ் பந்தில் அவர் ஆட்டமிழந்தபோது இந்தியா 190, விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. ராபர்ட்ஸ் 64 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள்.

கூட்டம் சில நொடிகள் அசையவில்லை. அதன்பின் எழுந்த கைதட்டல் அவர் பெவிலியன் படியேறி மறைந்த பிறகும் ஓயவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த முதியவர் ஒருவர் துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டார். சுழற்பந்து வீச்சாளர்களான பிரசன்னாவும் பேடியும் பின்னர் தங்கள் பங்கைச் செய்தார்கள். 100 ஓட்ட வித்தியாசத்தில் வென்று தொடரை 2–2 எனச் சமன் செய்தோம். பம்பாயில் நடந்த கடைசி டெஸ்டைத் தோற்றுத் தொடரை இழந்தது வேறு கதை.

கோயம்புத்தூரிலிருந்து

ஐயா எழுதியதைப் படித்தபோது என் தந்தையின் குரலையே கேட்டதுபோல் இருந்தது. அவர் ஏ.ஜி. கிருபால் சிங்கின் ரசிகர். சென்னைக்காரரான கிருபால் சிங் 1955இல் ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டிலேயே சதமடித்தவர். ஆனால் அதன்பின் இன்னொரு டெஸ்ட் சதம் அவருக்கு வாய்க்கவில்லை. லாலா அமர்நாத், தீபக் ஷோதன், அப்பாஸ் அலி பேக், ஹனுமந்த் சிங் ஆகிய அனைவருக்கும் இதே நிலைதான். முதல் டெஸ்டில் சதமடிக்கும் இந்தியர் இரண்டாவது சதத்தைக் காண்பதில்லை என்பது ஒரு சாபத்தைப்போலவே பேசப்பட்டது. ஆகவே 1969இல் கான்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் ஓட்டமேதும் எடுக்காமல் திரும்பிய இருபது வயது இளைஞர் விஸ்வநாத் இரண்டாவது இன்னிங்ஸில் 137 எடுத்தார் என்ற செய்தி வந்தபோது, என் தந்தை மகிழ்ச்சியோடு கூடவே கவலையும் பட்டாராம்.

அந்தக் கவலை தீர மூன்று ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1973 பிப்ரவரியில் பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக விஸ்வநாத் 113 எடுத்தார். சதத்தை அவர் எட்டியதும் நெட்டை மனிதரான டோனி கிரெய்க் ஓடி வந்து அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கித் தாலாட்டினார். எதிரணி வீரரே கொண்டாடும் அளவுக்கு ஒருவர் நேசிக்கப்பட்டார் என்பதைத் தந்தை எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார்.

1979 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்டுக்கு அவர் என்னைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துச் சென்றார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பெண் பிள்ளையை ஏன் வெயிலில் கூட்டிப்போகிறீர்கள் என்று உறவினர்கள் கேட்டதற்கு, பந்தை வெட்டி அடிக்கும் விஸ்வநாத்தின் கட் ஆட்டத்தை வானொலியில் கேட்டால் பாதிதான் புரியும் என்று அவர் பதில் சொன்னார். பந்து தாறுமாறாக எழும்பிய ஆடுகளம் அது. இரு தரப்பு வேகப்பந்து வீச்சாளர்களும் தலைக்கு நேராக வீசிக்கொண்டிருந்தார்கள். சில்வெஸ்டர் கிளார்க் ஓடிவரும்போது எனக்குப் பயமாக இருந்தது. தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். தலைக்கவசம் அன்று பரவலாகாத பொருள் என்பதை இன்றைய பிள்ளைகள் நினைவில் கொள்ள வேண்டும். அந்த ஆடுகளத்தில் இந்தியா எடுத்த 255இல் விஸ்வநாத்தின் பங்கு 124. 125 ஓட்டங்கள் என்ற சிறிய இலக்கை எட்டவே ஏழு விக்கெட்டுகளை நாம் இழந்தோம் என்பதை வைத்துப் பார்த்தால்தான் அந்த 124 எத்தகையது என்பது விளங்கும். ஆறு டெஸ்ட்கள் கொண்ட அந்தத் தொடரில் வெற்றி தோல்வி என்று முடிந்த ஒரே ஆட்டமும் அதுவே.

என் தந்தை இப்போது இல்லை. அன்று மாலை கடற்காற்றில் வாலாஜா சாலை வழியாக நடந்து திரும்பியபோது, கையில் மட்டை இல்லாமலேயே அந்த அடியை அவர் எனக்குச் செய்து காட்டிக்கொண்டு வந்தார்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து

நான் அவரைச் சேப்பாக்கத்தில் கண்டதில்லை. எனினும் அவரது வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி என் வாழ்க்கையைத் தொட்டது என்பதால் எழுதுகிறேன்.

1980 பிப்ரவரியில், இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவை ஒட்டி பம்பாய் வாங்கடே மைதானத்தில் இங்கிலாந்துடன் ஒரே ஒரு டெஸ்ட் நடந்தது. விஸ்வநாத் அணித்தலைவர். இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்திருந்த நிலையில் போத்தமும் விக்கெட் காப்பாளர் பாப் டெய்லரும் சேர்ந்தார்கள். கபில் தேவ் பந்தில் டெய்லர் பிடி கொடுத்ததாக நடுவர் ஹனுமந்த ராவ் கை உயர்த்தினார். விக்கெட் காப்பாளருக்கு அருகே ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத்துக்குப் பந்து மட்டையில் படவில்லை என்று தெரிந்தது. அவர் நடுவரிடம் சொல்லி டெய்லரைத் திரும்ப அழைத்தார். அந்த இணை 171 ஓட்டங்கள் சேர்த்தது. போத்தம் 114 எடுத்ததோடு இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 13 விக்கெட்டுகளையும் வீழ்த்த, நாம் பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றோம்.

அன்று வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த கல்லூரி மாணவனான எனக்குக் கடும் கோபம். அணியின் வெற்றி அவருடைய சொந்தச் சொத்து அல்லவே, அதை அவர் எப்படித் தானமாகக் கொடுக்கலாம் என்று விடுதி அறையில் நள்ளிரவு வரை வாதிட்டேன். அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் பின்னாளில் நான் மாவட்ட லீக் ஆட்டங்களில் நடுவராக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நின்றேன். ஒரு முறை மாலை வெயில் கண்ணில் அடிக்க, விக்கெட் காப்பாளரின் உரத்த முறையீட்டைக் கேட்டு ஓர் இளைஞனுக்குக் கை உயர்த்திவிட்டேன். பீல்டிங் அணியின் தலைவன், பத்தொன்பது வயதுதான் இருக்கும், என்னிடம் வந்து, முறையீட்டைத் திரும்பப் பெற அனுமதி கேட்டான். மட்டையாளர் மைதானத்தை விட்டு வெளியேறும் முன் நடுவரின் ஒப்புதலோடு அணித்தலைவர் அவ்வாறு செய்யலாம் என்பது அன்றைய விதி. நான் ஒப்புதல் தந்து அந்த இளைஞனைத் திரும்ப அழைத்தேன். அப்போது என் மனத்தில் எழுந்தது அவமானம் அல்ல, பெரும் நிம்மதி. செய்த தவறோடு வீட்டுக்குப் போகும் பாரத்தை அந்தச் சிறுவன் என்னிடமிருந்து இறக்கி வைத்தான். வாங்கடேயில் விஸ்வநாத் டெய்லருக்கு மட்டும் அல்ல, நடுவருக்கும் ஓர் உதவியைச் செய்தார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. தோல்விக்கு அவரைக் காரணம் சொல்வதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன். 58க்கு 5 என்ற நிலையிலிருந்து போத்தமை அடங்க வைக்காதது பதினொருவரின் பொறுப்பு.

செங்கல்பட்டிலிருந்து

நான் பார்த்தது 1982 ஜனவரி டெஸ்ட். இங்கிலாந்துக்கு எதிராக விஸ்வநாத் 222 எடுத்த ஆட்டம். மேலே எழுதியவர்கள் கண்ட ஆபத்து இதில் இல்லை. ஆடுகளம் மட்டையாளர்களுக்குச் சாதகமானது, ஆட்டமும் சமனில்தான் முடிந்தது. வெங்சர்க்கார் பவுன்சரில் அடிபட்டு வெளியேற, யஷ்பால் சர்மா வந்து 140 எடுத்தார். மூன்றாவது விக்கெட் விழுவதற்குள் இப்படி மூன்று மட்டையாளர்கள் சேர்ந்து 415 ஓட்டங்களைக் குவித்திருந்தார்கள். இரண்டாம் நாள் முழுவதும் ஒரு விக்கெட்டும் விழவில்லை. அலுப்பாக இருந்திருக்குமே என்று என் மகன் கேட்கிறான். ஒரே பந்தைப் பக்கவாட்டில் வெட்டும் ஸ்கொயர் கட்டாகவும் தாமதித்துப் பின்புறம் வெட்டும் லேட் கட்டாகவும் கடைசி நொடியில் மாற்றத் தெரிந்த ஒருவரை ஒரு நாள் முழுவதும் பார்ப்பதில் அலுப்புக்கு இடமில்லை என்பதை அவனுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டே பாகிஸ்தான் தொடரில் ஓட்டங்கள் வராமல் போய், கராச்சி டெஸ்டோடு அவரது டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. இடைவெளியின்றி 87 டெஸ்ட்களில் தொடர்ந்து ஆடியவர் அவர். அவர் சதமடித்த 14 டெஸ்ட்களில் ஒன்றில்கூட இந்தியா தோற்கவில்லை. 1976இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 403 என்ற இலக்கை விரட்டியபோது எடுத்த 112, 1981இல் மெல்பர்னில் எடுத்த 114 ஆகியவையும் அவற்றுள் அடங்கும். இவற்றை எழுதும்போது ஒரு வருத்தம் வருகிறது. 1983 ஜூனில் லார்ட்ஸில் கோப்பை வென்ற அணியில் அவர் இல்லை. அந்த வெற்றிக்குப் பின் வளர்ந்த தலைமுறை அவரைக் கவாஸ்கரின் மைத்துனர் என்று மட்டும் அறிந்துகொண்டது.

திருவல்லிக்கேணி ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். 1975இல் நீங்கள் ஓட்டங்களைக் குறித்த அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா?

திருவல்லிக்கேணியிலிருந்து

இருக்கிறது, தம்பி. அட்டை போய்விட்டது, ஓரங்களைக் கரையான் அரித்திருக்கிறது. முதல் இன்னிங்ஸ் பக்கத்தில் விஸ்வநாத்தின் பெயருக்கு எதிரே அவர் எடுத்த ஓட்டங்கள் நெருக்கமாக எழுதப்பட்டு ஒரு வரி நிரம்பி, அடுத்த வரியிலும் பாதி வரை ஓடுகின்றன. சந்திரசேகர் இறங்கியதும் சதத்துக்காக நான் பென்சிலால் ஒரு சிறு கட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் 97 என்று எழுதி, ஆட்டமிழக்கவில்லை என்பதைக் காட்டும் நட்சத்திரக் குறி இட்டிருக்கிறேன்; அந்தக் குறியை மட்டும் பேனாவால் இரண்டு முறை அழுத்திப் போட்டிருக்கிறேன்.