கலைச்சொல் உதவி: டிரான்ஸ்கிரிப்ஷனல் பர்ஸ்டிங்

செ.: நண்பர்களே, திங்கட்கிழமைக்குள் தமிழ்வழி உயிரியல் மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு தர வேண்டும். மரபணு சிறிது நேரம் மளமளவென்று ஆர்என்ஏ படிகளை எடுத்து (படியெடுத்தல்), பிறகு ஓய்ந்து, மறுபடி தொடங்குவதற்கான இந்த ஒரு சொல்லில் நிற்கிறேன். சுவிட்சர்லாந்தில் செய்து 2011இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வை வைத்து விளக்குகிறேன். சுண்டெலிச் செல்களில் மின்மினியை ஒளிரவைக்கும் லூசிஃபெரேஸ் நொதியின் மரபணுவைச் சேர்த்து, செல் செல்லாகப் படம்பிடித்தார்கள். சீக்கிரம் அழியும் வகை நொதி அது; படியெடுத்தல் நின்றால் வெளிச்சமும் மங்கிவிடும். ஒரே தட்டில் ஒரு செல் ஒளிரும்போது பக்கத்துச் செல் இருண்டு கிடக்கும். ‘வெடிப்பு’ என்றால் பிள்ளைகள் செல்லே வெடித்ததாக எழுதுகிறார்கள்.

கு.: பீறிடல். ஊற்று பீறிடுகிறது என்கிறோமே, அகராதியே வேண்டாம்.

ம.: பீறு என்றால் முதலில் கிழித்தல். பீறல் துணி என்பது கந்தல். மண்ணைக் கிழித்து வருவதால்தான் ஊற்று பீறிடுகிறது. பீச்சுதல், பீற்றுதல் எல்லாம் இதே வேர் என்பது என் கருத்து.

செ.: வேர் இருக்கட்டும் ஐயா. பீறிடலில் பாய்ச்சல் மட்டும்தான் வருகிறது. அந்த ஆய்வில் எனக்கு முக்கியம் ஓய்வு: அணைந்த மரபணு உடனே மறுபடி எழுவதில்லை, கொஞ்ச நேரம் அடங்கியிருந்தே தீரும். ‘விட்டுவிட்டுப் படியெடுத்தல்’ சரியா?

கு.: அது அடுக்குத்தொடர், கலைச்சொல் ஆகாது. ஒரு தடவைக்கு எத்தனை தூது ஆர்என்ஏ என்பதை எப்படிச் சொல்வீர்கள் அம்மா? ‘விட்டுவிட்டளவு’ என்றா?

வா.: துடிப்பு?

செ.: அதை, செல்லில் அளவு ஏறி இறங்கும் பி53 என்ற புரதத்துக்கு வைத்திருக்கிறேன். கதிர்வீச்சால் டிஎன்ஏ சேதம் கூடினால் அங்கே துடிப்பின் உயரம் கூடாது, எண்ணிக்கைதான் கூடும் என்று 2004இல் காட்டினார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

வா.: அப்படியென்றால் ஈடு. ஒரு ஈடு இட்லியை இறக்கி, துணி நனைத்து, மாவு ஊற்றி, மூடிவைத்துக் காத்திருந்தால்தான் அடுத்த ஈடு. ஒரு ஈட்டுக்கு எத்தனை இட்லி, மணிக்கு எத்தனை ஈடு என்பது வேறுவேறு கணக்கு. மரபணுவுக்கு மரபணு மாறுவதும் இவைதானே? ஈட்டளவு, ஈட்டு இடைவெளி.

ம.: ஈடு என்றால் ஒப்பு, அடமானமும்கூட. வைணவத்தில் திருவாய்மொழியின் முப்பத்தாறாயிரப்படி உரைக்கே ஈடு என்றுதான் பெயர். அங்கே படி என்பது 32 எழுத்து. ‘படியெடுப்பு ஈடு’ என்றதும் எனக்கு அந்த உரையைச் சொன்ன நம்பிள்ளை நினைவுக்கு வருகிறார். ஆனாலும் ‘இடு’வில் பிறந்த நல்ல தமிழ், தடுக்க மாட்டேன்.

கு.: வகுப்புக்குச் சரி, அகராதியில் ஏற்ற ஒப்பமாட்டேன். ஈட்டில் இட்லி எல்லாம் ஒன்றாக வேகும்; மரபணுவிலிருந்து ஆர்என்ஏ ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வருகிறது. என் வாக்கு பீறிடலுக்கே.

செ.: நாளை அச்சுக்குப் போகிறது. ‘ஈடு’ என்று போட்டு, பக்கத்தில் ‘பீறிடல்’ என்பதையும் வைக்கிறேன். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் வாயில் எது வந்தது என்று எழுதுகிறேன்.