டெனெரிஃபே போய் வந்தவர்களின் அனுபவங்கள்: விசா, சுங்கம், உடல்நலம்

ரெடிங், இங்கிலாந்து

இங்கே நவம்பர் பிறந்தாலே அலுவலகத்தில் பாதிப் பேர் டெனெரிஃபே பற்றித்தான் பேசுவார்கள். நாலரை மணி நேர விமானம், டிசம்பரிலும் கடலில் இறங்கும் அளவுக்கு வெயில். நாங்களும் குடும்பமாகப் போய் வந்தோம். எனக்கும் மனைவிக்கும் இந்தியப் பாஸ்போர்ட், மகளுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட். இப்படிக் கலந்த குடும்பங்கள் நிறைய இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

வரைபடத்தில், டெனெரிஃபே இருக்கும் கேனரித் தீவுகள் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிக் கிடக்கின்றன. ஆனால் அது ஸ்பெயின். ஷெங்கன் விசா (ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) இல்லாமல் நம்மை விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். அதே தீவு, வரி என்று வரும்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரி எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஸ்பெயின் தரைப்பகுதியில் பொது வரி 21 சதவீதம், இங்கே ஐ.ஜி.ஐ.சி. என்று தனி வரி 7 சதவீதம். விசாவுக்கு உள்ளே, வரிக்கு வெளியே. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாகப் புரியும்.

விசாவை இங்கிலாந்திலிருந்தே விண்ணப்பிக்கலாம். இங்கே தங்கும் அனுமதி, பயணம் முடிந்த பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்ல வேண்டும். பாஸ்போர்ட்டுக்கும் அதே மூன்று மாதம், கூடவே இரண்டு வெற்றுப் பக்கம். தங்கும் அனுமதிக்கான பழைய பி.ஆர்.பி. அட்டை போய் எல்லாம் இணையத்தில் இருக்கும் இ-விசா ஆகிவிட்டதால், அதைப் பிறர் சரிபார்க்க உதவும் ஷேர் கோட் எடுத்து அச்சடித்து வைத்தோம். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் பொருந்த வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45, அதற்குக் கீழே இலவசம். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அக்டோபரில் அப்பாயின்ட்மென்ட் தேடினால் கிடைப்பது கஷ்டம். கோடையிலேயே வேலையைத் தொடங்குவதுதான் நல்லது.

விசா ஸ்டிக்கர் கையில் வந்ததும் தங்கும் நாட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானம் என்றால் ஒரு நாள் கூடுதலாகக் கணக்காகும். மலிவு டிக்கெட்டுகள் பல அந்த நேரத்தில்தான் இருக்கும், அதனால் சொல்கிறேன்.

டெனெரிஃபே தெற்கு விமான நிலையத்தில் இப்போது இ.இ.எஸ். என்ற புதிய பதிவு முறை. 2025 அக்டோபர் 12-இல் ஷெங்கன் நாடுகளில் படிப்படியாகத் தொடங்கியது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில் கணினியில் பதிகிறார்கள். நாங்கள் விசாவுக்கே விரல்ரேகை கொடுத்திருந்ததால் முகத்தை மட்டும் படம் எடுத்தார்கள். பக்கத்தில் இருந்த பிரிட்டிஷ்காரர்கள் நான்கு விரலையும் கண்ணாடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயது ஆகவில்லை என்பதால் அவளுக்கும் படம் மட்டும்தான். அதிகாரி கேட்டது இரண்டே கேள்வி: எந்த ஹோட்டல், எப்போது திரும்புகிறீர்கள்? இரண்டுக்கும் தாளை நீட்டினேன், அவ்வளவுதான்.

சுங்கம்தான் நம்மவர்களுக்கு உண்மையான சோதனை, ஏனென்றால் நாம் சாப்பாட்டோடு போகிறவர்கள். இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியபின், இங்கிருந்து போனாலும் இறைச்சிக்கும் பாலுக்கும் தடைதான். அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சைப் பாதையில் எங்களுக்கு முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம். பெரிய பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மேலே துணி, கீழே எவர்சில்வர் டப்பாக்கள். அதிகாரி ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். இட்லிப் பொடியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். புளிக்காய்ச்சல் பாட்டிலும் திரும்பி வந்தது. நெய் பாட்டிலும் பன்னீர் பாக்கெட்டும் ஓரமாகப் போயின. கடைசியில் ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலைக் கொத்து. அந்த அம்மா அதைக் கையில் வாங்கிக் கசக்கி, "வாசனைக்குத்தான்" என்று தமிழிலேயே சொல்லிப் பார்த்தார். அதிகாரி மரியாதையாகத் தலையசைத்தார், ஆனால் கொத்து குப்பைக்குப் போய்விட்டது.

அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் இல்லை. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அதில் ஒட்டி வரும் சின்னப் பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைச் சாகடிக்கும் நோயைப் பரப்பக்கூடியது. விவசாயத்தில் வாழையை நம்பி இருக்கிற தீவு அது. செடி, மண் விஷயத்தில் ஸ்பெயின் தரைப்பகுதியிலிருந்து வருவதற்கே அங்கே தனிக் கட்டுப்பாடு உண்டு. ஒரு கொத்துத்தானே என்று நமக்குத் தோன்றுவதுதான் ஆபத்து.

கைக்குழந்தை உள்ளவர்கள் பயப்பட வேண்டாம். பால் பவுடர், உடைக்காத பாக்கெட்டாக, குளிர்சாதனம் தேவைப்படாததாக இருந்தால் 2 கிலோ வரை கொண்டுபோகலாம். ரொக்கம் 10,000 யூரோவும் அதற்கு மேலும் இருந்தால் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஹாரோ, லண்டன்

தம்பி, நல்லாக எழுதியிருக்கிறீர்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் ஒன்றுமே தேவையில்லை என்று எங்கட ஆட்கள் பலர் நினைக்கினம். அது சரியில்லை. பாஸ்போர்ட் கொடுத்த திகதியிலிருந்து பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. முந்தி கெதியாகப் புதுப்பித்தவர்களுக்கு மிச்சமிருந்த மாதங்களையும் சேர்த்துத் தந்தார்கள், 2018 செப்டெம்பரோடு அதை நிற்பாட்டினார்கள். அதனால் பழைய பாஸ்போர்ட்டில் முடிவுத் திகதி இன்னும் வராமல் இருந்தாலும் ஐரோப்பாவுக்குச் செல்லாது. என்ர மச்சாளை இந்தக் காரணத்தைச் சொல்லி விமானத்தில் ஏற்றவில்லை. பிள்ளைகள் மூன்று பேரும் தகப்பனும் உள்ளே, அவ நாலு பெட்டியோடு வெளியே. காசு திரும்பக் கிடைக்கவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. இறைச்சிக்குத்தான் தடை, மீனுக்கு இல்லை. ஒரு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி, கருவாடும் மாசியும் (காய்ந்த சூரை மீன்) அதற்குள் அடங்கும். நான் மாசிச் சம்பல் இடித்துக் கொண்டுபோனேன், கேட்டபோது மீன் என்று சொன்னேன், விட்டுவிட்டார்கள்.

அம்மாவுக்கு நீரிழிவும் இழுப்பும் இருக்கிறது. இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கறையில் போட்டால் உறைந்து பழுதாகிவிடலாம். குளிசைகளை வெறும் டப்பாவில் மாற்றாமல், பெயர் ஒட்டிய பெட்டியோடும் டொக்டரின் கடிதத்தோடும் கொண்டுபோனோம். தடுப்பூசிச் சான்றிதழ் ஒன்றும் கேட்கவில்லை. கொரோனா காலத்துப் படிவம் பற்றி இன்னும் சிலர் கேட்கினம், அது 2022-இலேயே முடிந்துவிட்டது.

ஆனால் கலிமாவைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சகாராப் பாலைவனத்துத் தூசி காற்றோடு கடல் தாண்டி வரும். காலையில் எழும்பிப் பார்த்தால் வானம் செம்மஞ்சள், பால்கனிக் கதிரையில் விரல் வைத்தால் மாவு மாதிரி ஒட்டியது. அம்மாவுக்கு மத்தியானமே மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. 2020 பெப்ரவரியில் இதே தூசியால் தீவுகளின் விமான நிலையங்களையே மூடியிருக்கிறார்கள். இழுப்பு உள்ளவர்கள் இன்ஹேலரை ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டுபோங்கோ, அந்த நாட்களில் யன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கோ.

ஹோட்டலில் டொக்டரைக் கூப்பிடச் சொன்னால் தனியார் டொக்டரைத்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்கும் அப்படித்தான், கடன் அட்டையை முதலில் கேட்டார்கள். ஜி.எச்.ஐ.சி. அட்டை (ஐரோப்பாவில் அரசாங்க மருத்துவத்துக்கு பிரிட்டன் தரும் அட்டை) தனியாரிடம் எடுபடாது. அரசாங்கச் சுகாதார நிலையத்தின் பெயர் சென்ட்ரோ தெ சலூத், அந்த அட்டை செல்வது அங்கேதான். அடுத்த நாள் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனோம், நெபுலைசர் வைத்து நல்லாகப் பார்த்தார்கள், காசு வாங்கவில்லை. அவசரம் என்றால் 112. அட்டை இருந்தாலும் காப்பீட்டை விடாதீர்கள், நோயாளியை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவை அந்த அட்டை தாங்காது.

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

எங்களைப் போல ஜெர்மன் வதிவிட அட்டை இருப்பவர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டும் அட்டையும் சேர்த்து வைத்திருந்தால் போதும். மட்ரிட் வழியாகப் போனோம், பாஸ்போர்ட் வரிசையே இல்லை. ஹோட்டலில் மட்டும் எல்லோருடைய பாஸ்போர்ட் விவரத்தையும் வாங்கிப் பதிந்தார்கள், ஸ்பெயினில் அது சட்டம்.

திரும்பும்போதுதான் இது வேறு எல்லை என்று தெரியும். தீவில் சிகரெட், சென்ட், மதுபானம் எல்லாம் மலிவு. ஸ்பெயினுக்குள்தானே போய் வந்தோம் என்று ஜெர்மன் நண்பர்களே வாங்கிக் குவிக்கிறார்கள். கேனரியிலிருந்து வந்தால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவதற்கான அளவுதான்: 200 சிகரெட், கடும் மது 1 லிட்டர், மற்ற பொருட்கள் 430 யூரோ வரை. எங்களோடு வந்த ஒருவர் புதுக் கேமராவுக்கு விமான நிலையத்திலேயே வரி கட்டினார்.

பழத்துக்கும் அப்படித்தான். மாம்பழமும் அவகாடோவும் அங்கே அருமையாகக் கிடைக்கும், ஆனால் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் ஜெர்மனிக்குள் கொண்டுவரக் கூடாது. வாழைப்பழம், அன்னாசி, தேங்காய், பேரீச்சை, டுரியான், இந்த ஐந்துக்கு மட்டும் சான்றிதழ் வேண்டாம். கேனரி வாழைப்பழம் சின்னதாக, நல்ல இனிப்பாக இருக்கும், ஒரு சீப்பு கொண்டுவந்தோம்.

கோயம்புத்தூர்

லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிற பெற்றோர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே போய்விட்டு டெனெரிஃபேக்கு விசா எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். ஷெங்கன் விசாவை நாம் சட்டப்படி வசிக்கும் நாட்டில்தான் கேட்க வேண்டும். விசிட்டராகப் போனவர்கள், ஊரிலேயே ஏன் எடுக்க முடியவில்லை என்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டியிருக்கும். நாங்கள் இங்கிருந்தே பிரிட்டன் விசாவை முதலில் வாங்கிக்கொண்டு, அப்புறம் ஸ்பெயினுக்கு விண்ணப்பித்தோம். அங்கிருந்து லண்டனுக்கே திரும்புவதால் பிரிட்டன் விசா பலமுறை நுழையக்கூடியதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே ஐரோப்பா போனவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்திய, இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு, இரண்டு ஆண்டு செல்லும் விசா தரலாம் என்று 2024 ஏப்ரலில் விதி வந்தது. பழைய விசா நகல்களை மறக்காமல் இணையுங்கள்.

ரெடிங் தம்பிக்கு ஒரு கேள்வி. டெய்டே மலைக்குக் கேபிள் கார் இருக்கிறதாமே, என் வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது. ஏறலாமா?

ரெடிங், இங்கிலாந்து

அம்மா, அப்பா ஏற வேண்டாம். மேல் நிலையம் 3,555 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் போக வேண்டாம் என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். கீழே இருந்து சில நிமிடத்தில் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிடுவதால் உடம்புக்குப் பழக நேரமில்லை. எனக்கே மேலே போனதும் தலை லேசாகச் சுற்றியது. மலையடிவாரச் சாலையே 2,000 மீட்டருக்கு மேலேதான், அதனால் காரில் அதுவரை போவதற்கும் அப்பாவின் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கூபா டைவிங் செய்தவர்கள் அடுத்த 24 மணி நேரத்துக்கு அந்தப் பக்கமே போகக் கூடாது.

மலையில் கறுப்பு எரிமலைக் கல் கிடக்கும். ஒன்றைக்கூட எடுக்காதீர்கள், தேசியப் பூங்காவில் அது குற்றம். லண்டனுக்குத் திரும்பும்போது ஆட்டுப்பால் சீஸும் வேண்டாம், ஐரோப்பாவிலிருந்து சீஸ், பால், ஆடு மாடு பன்றி இறைச்சி கொண்டுவர பிரிட்டன் 2025 ஏப்ரல் 12 முதல் தடை போட்டிருக்கிறது. வாங்குவதென்றால் கோஃபியோ வாங்குங்கள். வறுத்த தானிய மாவு, நம்ம சத்துமாவு மாதிரியே இருக்கும்.